செங்கம்மாளின் பால்கெண்டை முள்

எங்கள் தெருவில் காலை எட்டரை மணியைக் கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொண்டவர் யாருமில்லை. செங்கம்மாள் கத்தினால் எட்டரை. தேரடிக்குப் பின்னால் தெரு திரும்பும் முனையில் கூடையோடு நின்று, "மீனேய்... மடவ மீனேய்..." என்று ஒரே ஒரு தரம் குரல் கொடுப்பாள். அது கடைசி வீட்டுக் கொல்லை வரை போகும். துணி துவைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் ஈரக் கையோடு சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். இரண்டாவது தரம் கத்துவதை அவள் கௌரவக் குறைச்சலாக நினைத்தாள்.

நான் அப்போது பொன்னேரியில் டாக்டர் துளசிராமனிடம் கம்பவுண்டர். பெயர் குப்புராஜ். டாக்டர் எழுதுவார், நான் கலக்குவேன். ஊரில் பாதிப் பேர் என்னையே டாக்டர் என்று நினைத்தார்கள். நானும் அதை மறுக்க அவசரப்பட்டதில்லை. இந்தக் கதையில் நான் செய்த தப்புக்கு அந்த நினைப்புதான் காரணம் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

செங்கம்மாள் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்காரி. அன்று நாற்பது வயது இருக்கும். புருஷன் துலுக்காணம் ஏரியில் வலை போடுகிறவர். அவர் பிடித்ததையும் அக்கம்பக்கத்துப் படகுகளில் எடுத்ததையும் கூடையில் போட்டுக்கொண்டு, முதல் பஸ்ஸில் பொன்னேரிக்கு வந்துவிடுவாள். கலெக்டரே வந்தாலும் 'நீ' என்றுதான் பேசுவாள். என்னையும் அப்படித்தான். நான் இங்கே அவளை 'அவள்' என்று எழுதுவது அதற்குச் சரியாகப் போயிற்று.

அறுபத்தேழாம் வருஷம் தேர்தல் முடிந்த மாதம். கோஷம் போட்டுப் போட்டு ஊரில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லிச் சொல்லி எனக்கே வாய் கரித்தது. அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் செங்கம்மாள் இரண்டு தரம் கத்தினாள். அடுத்த வாரம் மூன்று தரம். அப்புறம் ஒருநாள் அவள் எங்கள் வாசலில் கூடையை இறக்கிய பிறகுதான் அவள் வந்ததே தெரிந்தது. பேச்சுக்குப் பேச்சு தொண்டையைக் கனைத்தாள். எதையோ விழுங்கப் பார்த்து, அது இறங்காமல், மறுபடியும் விழுங்கினாள்.

"இன்னா செங்கம்மா, தொண்டைக்கு இன்னா?" என்றேன்.

"பனி" என்றாள். சித்திரை மாதத்தில் என்ன பனியோ!

என்னிடம் சொல்லாததை என் மனைவி லட்சுமியம்மாளிடம் சொல்லியிருந்தாள். அதுவும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. லட்சுமியம்மாள் அந்தச் சத்தியத்தை அன்று மத்தியானச் சாப்பாடு வரைக்கும் காப்பாற்றினாள்.

விஷயம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் பால்கெண்டைக் குழம்பு சாப்பிடும்போது தொண்டையில் முள் குத்தியிருக்கிறது. பால்கெண்டையில் முள் அதிகம், மயிர் மாதிரி பொடி முள்ளாக இருக்கும். குத்தியது குத்தியபடியே இன்னும் இருக்கிறது என்றாள். இதை வெளியில் சொல்ல அவளுக்கு அவமானம். எங்களைப் போன்றவர்களுக்கு முள் சிக்கினால் அனுதாபப்படுவார்கள். குப்பத்தில் பிறந்தவளுக்குச் சிக்கினால் சிரிப்பார்கள். பல் முளைக்கும்போதே முள்ளை நாக்கால் ஒதுக்கப் பழகியவர்கள் அவர்கள். மீன் விற்கிறவளே முள்ளை விழுங்கினாள் என்றால் யார் அவளிடம் மீன் வாங்குவார்கள் என்று அவளுக்கு ஒரு பயம்.

குப்பத்து வைத்தியமெல்லாம் ரகசியமாக நடந்து முடிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பூனையைப் பிடித்து அதன் காலால் தொண்டையைத் தடவிப் பார்த்திருக்கிறாள். பூனை பிறாண்டியதுதான் மிச்சம். முள் கரையட்டும் என்று எலுமிச்சம்பழச் சாறு குடித்திருக்கிறாள். எதற்கும் மசியவில்லை. குரல் மட்டும் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் வியாபாரத்துக்கு முதல் அந்தக் குரல்தான். தராசு கிடையாது, கடை கிடையாது. குரல் போனால் தெரு போய்விடும். பச்சையம்மா என்று இன்னொரு மீன்காரி, நல்ல கணீர்க் குரல்காரி, ஏற்கெனவே பக்கத்துத் தெருவரை வந்துவிட்டாள்.

லட்சுமியம்மாள்தான் அவளைக் கெஞ்சிக் கூத்தாடி டாக்டரிடம் கூட்டிவந்தாள். டாக்டர் டார்ச் அடித்து, கரண்டியால் நாக்கை அழுத்தி, நெடுநேரம் பார்த்தார்.

"முள் எதுவும் தெரியலையேம்மா. நெஞ்சு எரியறதுண்டா?"

"எரியும்."

"புளிச்ச ஏப்பம்?"

"அது வரும். குனிஞ்சி கூடையத் தூக்குனா புளிப்பா வாய் வரைக்கும் வரும். எல்லாருக்கும் வர்றதுதானே?"

"எல்லாருக்கும் வராது. வயிற்றில் இருக்கிற புளிப்பு மேலே ஏறித் தொண்டையைப் புண்ணாக்குது. முள் அன்றைக்கே இறங்கியிருக்கும். அது குத்தின இடத்தை இந்தப் புளிப்பு ஆறவிடாமல் வைத்திருக்கு."

இன்று நினைத்தால் மனுஷன் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று வியப்பாக இருக்கிறது. ஆனால் சொன்னவர் யார் என்று ஒன்று இருக்கிறதல்லவா? டாக்டர் துளசிராமன் சுத்த சைவம். முட்டை என்பது அவருக்கு மருந்துச் சீட்டில் எழுதுகிற ஒரு சொல், அவ்வளவுதான். செங்கம்மாளுக்கு இது தெரியும். அந்த வீட்டு வாசலில் அவள் ஒருநாளும் கூடையை இறக்கியதில்லையே!

நான் வெள்ளை மிக்சரை அவள் கொண்டுவந்திருந்த விளக்கெண்ணெய் பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதப் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னலோரமாக வந்து நின்றாள்.

"கம்பவுண்டரே, மீனே துன்னாத மனுசனுக்கு முள்ளப் பத்தி இன்னா தெரியும்? எனக்குக் குத்துது, அவுரு இல்லன்றாரு."

"மருந்தக் குடி. சரியாப்பூடும்."

மூன்று நாள் குடித்தாள். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று நிறுத்திவிட்டாள்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவளுக்கு முள் இருப்பது மனசில்தான். மனசில் இருக்கிற முள்ளை எடுத்துக் கண்ணில் காட்டிவிட்டால் போதும், மருந்தை ஒழுங்காகக் குடிப்பாள், எல்லாம் சரியாகிவிடும். இதை நினைத்தபோது என் முதுகை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

டாக்டர் ஒரு கல்யாணத்துக்குத் திருநின்றவூர் போயிருந்த நாள். முதல் நாள் எங்கள் வீட்டில் மீன் குழம்பு. தட்டில் கிடந்த பொடி முள் ஒன்றைக் கழுவி, ஈரப் பஞ்சில் சுருட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். செங்கம்மாள் தெருவுக்கு வந்ததும், "டாக்டர் இல்ல, நானே பாக்கறேன் வா" என்று கூப்பிட்டேன். நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். இடுக்கியைத் தொண்டைக்குள் விட்டு லேசாகத் தொட்டதும் அவளுக்குக் குமட்டியது. நான் இடுக்கியை வெளியே இழுத்து, "பார், வந்துட்டுது!" என்று கூவினேன். மெட்ராஸில் எம்டன் குண்டு போட்டபோதுகூட யாரும் அப்படிக் கூவியிருக்க மாட்டார்கள்.

செங்கம்மாள் கண்ணைத் திறந்தாள். கண்ணோரம் தண்ணீர். முள்ளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, எழுந்து, வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். புரட்டிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"இது மடவ முள்ளு" என்றாள்.

நான் இடுக்கியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நேத்து உன் ஊட்டுக்கு நான்தான் மடவ குடுத்தேன். உன் எச்சித் தட்டுல இருந்துதான் எட்த்தாந்துகிற. எனக்குக் குத்துனது பால்கெண்ட. என் முள்ளு அங்கியேதான் கீது."

கத்தவில்லை. கத்தக் குரலும் இல்லை. முள்ளை என் மேஜையில், மருந்துச் சீட்டுகளின் மேல், பத்திரமாக வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் எட்டரை மணி வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் முனையில் ஒரு கணீர்க் குரல் கேட்டது. லட்சுமியம்மாள் சட்டியோடு ஓடினாள். வந்திருந்தது பச்சையம்மா. சட்டியைக் காலியாகவே திருப்பிக்கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள் என் மனைவி.

டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். "மருந்தில் நீ தண்ணீர் கலந்திருந்தால்கூட மன்னிப்பேன், குப்புராஜ்" என்றார். "அந்த அம்மா நம்மை நம்பாமல் இருந்தாள். அது சரி, பேசிப் பேசி நம்பவைத்திருக்கலாம். இப்போது நம்பாமல் இருக்க ஒரு காரணத்தையும் நீயே கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாய்." கொஞ்சநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "நேரில் போ. மன்னிப்புக் கேள். முள் இல்லை என்று வாதாடாதே. மெட்ராஸில் கண்ணாடி வைத்துத் தொண்டைக்குள் பார்க்கிறார்கள். முள்ளைக் காட்டவே போகட்டும். பார்க்கிறவர்கள் பார்த்துச் சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். குப்பத்தில் துலுக்காணம் கரையில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். செங்கம்மாள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். பாயை எடுத்துப் போட்டார்.

"நீ பண்ணது நல்லதுக்குத்தான்னு எனக்குத் தெரியும். ஆனா அவகிட்ட வெளையாடக் கூடாது கம்பவுண்டரே. அவ அண்ணன் முனிகிருஷ்ணன் கத தெரியுமா உனக்கு?"

தெரியாது. அவர் சொன்னார். முனிகிருஷ்ணனுக்கும் இப்படித்தான் தொண்டையில் ஏதோ நின்றது. எல்லாரும் முள் என்றார்கள். அவனும் முள் என்றான். ஒரு வருஷம் பூனைக்காலும் வாழைப்பழமுமாகப் போயிற்று. குரல் போயிற்று, சோறு இறங்காமல் போயிற்று. கடைசியில் மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். புத்து, அதாவது புற்றுநோய், என்று சொன்னார்கள். பன்னிரண்டாம் நாள் பிணமாகத் திரும்பி வந்தான்.

"அவ வாயத் தொறந்து சொல்ல மாட்டா. ஆனா அதான் அவளுக்குப் பயம். தெனம் சாயங்காலம் சோறு துன்னுட்டு, அதும் மேல அஞ்சு உருண்ட வெறுஞ்சோறு, மெல்லாம அப்டியே முயுங்குவா. முயுங்கிட்டு ஒடனே மல்லாந்து படுத்துக்குவா. பாரம் அமுக்கி முள்ளு எறங்கணுமாம். மூணு மாசமாச்சி. ஒரு நாளு தவறுனதில்ல."

கேட்டபோது எனக்கு அழுகைதான் வந்தது. அதில் வேறு ஒரு விஷயமும் இருந்தது, அது எனக்கு உறைக்கவே இல்லை. பதினான்கு வருஷம் மருந்து கலக்கினவன், காதில் விழுந்ததை வாங்கி அப்படியே விட்டுவிட்டேன்.

செங்கம்மாள் குடத்தோடு வந்தாள். என்னைப் பார்த்துவிட்டுக் குடத்தை இறக்கினாள். நான் எழுந்து நின்றேன்.

"தப்புப் பண்ணிட்டேன் செங்கம்மா. டாக்டருக்குத் தெரியாம பண்ணேன். மனசுல வெச்சிக்காத."

"சரி, வுடு."

"டாக்டர் ஒண்ணு சொல்லி அனுப்பினாரு. முள்ளுன்னே வெச்சிக்கோ. மெட்ராஸ்ல கண்ணாடி வுட்டு உள்ள பாக்கறாங்க. இருந்தா அங்கியே எட்த்துடுவாங்க."

"இல்லன்னா?"

துலுக்காணம் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"எங்கண்ணன் போன ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன். வேற எடம்னா வரேன். உன் ஊட்டுக்காரம்மாவும் கூட வரணும்."

டாக்டர் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். நாங்கள் மூன்று பேரும் பொன்னேரியில் பாசஞ்சர் ஏறி மெட்ராஸ் போனோம். வழியெல்லாம் செங்கம்மாள் லட்சுமியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, திரும்பி வந்தபோது என் மனைவியின் விரலில் மோதிரத் தடம் பதிந்திருந்தது.

தொண்டை டாக்டர் ஒரு பெண். பெயர் சாராள். தூத்துக்குடிப் பக்கம் என்று அப்புறம் தெரிந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு, நெற்றியில் வட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வாயைத் திறங்கம்மா" என்றார். செங்கம்மாள் திறக்கவில்லை.

"நீ மீனு துன்னுவியா?" என்று கேட்டாள்.

நர்ஸ் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "தினமும். மீன் இல்லன்னா எனக்குச் சோறு இறங்காது."

"பால்கெண்ட?"

"அது எனக்குச் சரிப்பட்டு வராது. முள்ளு ஜாஸ்தி."

அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? செங்கம்மாள் வாயைத் திறந்தாள். டாக்டரம்மா துணியால் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை விளக்கில் சூடு காட்டி உள்ளே விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். மறுநாளும் வரச் சொன்னார்கள். ஒரு டம்ளர் வெள்ளை மாவுக் கரைசலைக் குடிக்கவைத்து, சாயும் மேஜையில் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். குடித்த மாவு வயிற்றில் தங்காமல் நெஞ்சுக்குத் திரும்பி ஏறியதாம்.

"முள் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "நான் நல்லாப் பார்த்துட்டேன். தொண்டை சிவந்து வீங்கியிருக்கு. அது வயித்துப் புளிப்பால."

செங்கம்மாள் நிமிர்ந்தாள். "முள்ளு இல்லன்னா... புத்தா?"

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்ல. கட்டி ஒண்ணும் இல்ல. புத்து இல்ல."

"இன்னொரு தரம் சொல்லு."

"புத்து இல்லம்மா."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். குரல் இல்லாத அழுகை. காற்றும் கனைப்புமாக வந்தது. லட்சுமியம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் ஆண்பிள்ளை என்பதால் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா விசாரித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று கேட்டதற்குச் செங்கம்மாள் பெருமையாகச் சொன்னாள். எலுமிச்சம்பழம். பூனை. சாயங்காலம் சாப்பிட்டபிறகு ஐந்து உருண்டை சோறு, விழுங்கிவிட்டு உடனே படுக்கை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அஞ்சு உருண்டையா? வயிறு நிறையச் சாப்பிட்டபிறகா?"

"முள்ளு எறங்க வோணாமா?"

"அதான்ம்மா மேல ஏத்தி விட்டிருக்கு! நிரம்பின குடத்தைப் படுக்கப்போட்டா என்ன ஆகும்?"

செங்கம்மாள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். நான் துலுக்காணம் சொன்னதை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

டாக்டரம்மா அவள் இடுப்பையும் பார்த்தார். மீன்காரிகள் தலைச்சுமை தாங்குவதற்காகச் சேலைக்கு மேல் ஒரு துணிக் கயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். இருபத்தைந்து வருஷக் கட்டு, தோலில் கறுத்த வளையமாக இருந்தது. அதைத் தளர்த்தச் சொன்னார். வெறும் வயிற்றில் பஸ் ஸ்டாண்டில் குடிக்கிற மூன்று டீயை ஒன்றாக்கு, அதையும் ஏதாவது நாஷ்டா சாப்பிட்டுவிட்டுக் குடி என்றார். வெற்றிலை சரி, புகையிலை கூடாது. விளக்கு வைக்கும் முன்னால் சாப்பாட்டை முடி, மூன்று மணிநேரம் படுக்காதே. கட்டிலின் தலைமாட்டில் இரண்டு செங்கல் வை. வெள்ளை மருந்தை விடாதே. இவ்வளவுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவள், கடைசியாக ஒன்று சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"கொஞ்ச நாளைக்குப் புளியும் காரமும் குறைச்சுக்கணும்."

"புளி இல்லாம மீன் கொயம்பா? நீ மீனு துன்றவளா இல்லியா?"

கடைசியில் வாரத்துக்கு ஒருநாள், அதுவும் மத்தியானம், என்று பேரம் படிந்தது. மீன் விற்கிறவளிடம் பேரம் பேசி ஜெயித்த ஒரே ஆள் அந்த டாக்டரம்மாதான்.

செங்கம்மாளிடம் கட்டில் கிடையாது. துலுக்காணம் உடைந்துபோன படகிலிருந்து இரண்டு நீளப் பலகைகளை எடுத்துச் சேர்த்து ஆணி அடித்து, ஒரு பக்கம் செங்கல் வைத்து உயர்த்திக் கொடுத்தார். "முப்பது வருசமா அவன் தண்ணில படகுல போறான், இப்ப நான் ஊட்டுல போறேன்" என்று லட்சுமியம்மாளிடம் சொல்லிச் சிரித்தாளாம். முதல் வாரம் பலகையிலிருந்து வழுக்கிக் காலடியில் வந்து கிடந்தாளாம். அப்புறம் பழகிவிட்டது.

உடனே சரியாகிவிடவில்லை. ஒரு மாதம் வரை தொண்டையில் முள் இருந்துகொண்டேதான் இருந்தது. நான் இப்போது அதை முள் என்றே எழுதுகிறேன், அவளும் அப்படித்தான் சொன்னாள். "முள்ளு இன்னிக்குக் கொஞ்சம் சின்னதா கீது" என்பாள். ஒரு நாள் "இன்னிக்கி இல்ல" என்பாள், மறுநாள் "வந்துட்டுது" என்பாள். பாட்டிலை மட்டும் தவறாமல் கொண்டுவந்து நீட்டுவாள். கூடையோடு மறுபடியும் தெருவுக்கு வர ஆரம்பித்திருந்தாள், கத்தத்தான் குரல் இல்லை; அந்த நாட்களில் லட்சுமியம்மாள் ஒரு காரியம் செய்தாள். எட்டரை மணிக்கு முனையில் போய் நின்றுகொண்டு, செங்கம்மாள் வந்ததும், வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். முதலியார் வீட்டு மருமகள், கம்பவுண்டர் பெண்டாட்டி மீன் விற்கக் கிளம்பிவிட்டாள் என்று கேலி செய்தாள். என் மனைவி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பச்சையம்மாவும் சும்மா சொல்லக்கூடாது, விஷயம் தெரிந்ததும் தன் பழைய தெருவோடு நின்றுகொண்டாள்.

ஆவணி மாதம். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். "மீனேய்... மடவ மீனேய்..." ஒரே ஒரு தரம். கடைசி வீட்டுக் கொல்லை வரை போயிற்று. கத்தி பட்டுக் கன்னத்தில் ரத்தம் வந்தது. அதோடு வாசலுக்கு ஓடினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறமும் அது முழுக்க அவளை விட்டுப் போய்விடவில்லை. ஆடித் திருவிழாவில் இரண்டு நாள் புளிக்குழம்பில் மூழ்கிவிட்டு வந்து, கமறிக்கொண்டே பாட்டிலை நீட்டின வருஷங்களும் உண்டு. ஆனால் பயப்பட மாட்டாள். அது எதனால் வருகிறது, எதைக் குறைத்தால் போகும் என்று அவளுக்குத் தெரியும். குப்பத்தில் யாருக்காவது நெஞ்சு எரிந்தால் பலகை அடித்துக்கொடுக்கத் துலுக்காணத்திடம் அனுப்பிவைக்கிற அளவுக்கு ஆகிவிட்டாள்.

நான் மட்டும் என் அவமானத்தையே ஒரு பெருமையாக மாற்றிக்கொண்டேன். ஒரு பொடி முள்ளைக் கையில் வாங்கி, மோந்து பார்த்து, இது மடவை, இது பால்கெண்டை இல்லை என்று சொன்னாளே, அந்த ஞானத்தைப் பற்றி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னேன். படித்த டாக்டர்களுக்கும் தெரியாது என்பேன்.

எழுபத்தெட்டில் டாக்டர் காலமான பிறகு, நான் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்துகொண்டிருந்த தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் வழியில் அந்தக் குரல் கேட்டது. போய்ப் பார்த்தால் செங்கம்மாள். தலை நரைத்திருந்தது. கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் தெருக்களில் நல்ல விற்பனை என்றாள். சுற்றி நின்ற ஆட்களிடம் நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். இந்த அம்மா யார் தெரியுமா, ஒரு முள்ளைப் பார்த்தே என்ன மீன் என்று சொல்கிறவள் என்று.

ஆட்கள் மீனை வாங்கிக்கொண்டு போகும்வரை காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். அப்புறம் சிரித்தாள்.

"கம்பவுண்டரே, இன்னுமா அத நீ நம்பிக்கினு கீற? பொடி முள்ளு எல்லா மீனுலயும் ஒரே மாதிரிதான் இருக்கும். அத யாரால சொல்ல முடியும்? மொத நாளு உன் ஊட்டுக்கு மடவ குடுத்தது ஞாபகம் வந்துது. வாய்க்கு வந்தத சொன்னேன்."

"அப்ப நான் எட்த்தது உன் முள்ளாக்கூட இருக்கலாம்னு நெனச்சியா?"

"நெனச்சேனே. வெளிச்சத்துல போயி பாக்கறப்போ அதான் நெனச்சேன்."

"பின்ன ஏன் இல்லன்ன?"

கூடையில் மிச்சமிருந்த இரண்டு மடவையை எடுத்து என் பையில் போட்டாள். இடுப்புக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக்கொண்டாள்.

"முயுங்கிப் பாத்தேன் கம்பவுண்டரே. நீ எட்த்தப்பறமும் அங்க ஒண்ணு இருந்துது. முள்ளு வெளிய வந்துட்டுதுன்னு ஒத்துக்கினா, உள்ள கீறதுக்கு நான் இன்னா பேரு வெக்கறது?"